சீனக் குடியேறிகளின் கதைகளில் அம்மாவும் மகளும் ஏன் எப்போதும் முட்டிக்கொள்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி: சீன-அமெரிக்க எழுத்தாளர் ஏமி டானின் ‘ஜாய் லக் கிளப்’ மாதிரி நாவல்களில் அம்மா-மகள் சண்டைக்குக் காரணம் கிழக்கு-மேற்கு கலாசார மோதல்தானா?

‘கலாசார மோதல்’ என்று எழுதினால் பரீட்சையில் மார்க் விழும். எம்.ஏ. ஆங்கிலத்தில் எங்களுக்குக் கொடுத்த நோட்ஸும் அதைத்தான் சொன்னது: அம்மா என்றால் சீனா, மகள் என்றால் அமெரிக்கா, நடுவில் ஒரு பள்ளம். நாவலை நிதானமாகப் படித்தால் இந்தக் கணக்கு சரியாக வருவதில்லை.

‘ஜாய் லக் கிளப்’பிலேயே ஒரு சாப்பாட்டுக் காட்சி இருக்கிறது. மகள் வேவர்லி, தான் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற வெள்ளைக்காரப் பையன் ரிச்சை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். அம்மா லிண்டோ தன் கைப்பக்குவத்தில் பெருமைப்படுகிற ஒரு பன்றிக்கறி உணவைக் கொண்டுவந்து வைத்து, வாயில் போட்டுப் பார்த்து, உப்பே இல்லை, சரியாக வரவில்லை என்று தானே குறை சொல்கிறாள். அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ரிச் அதை அப்படியே நம்பி, கொஞ்சம் சோயா சாஸ் சேர்த்தால் போதும் என்று பாத்திரத்தில் ஊற்றிவிடுகிறான்! வேவர்லிக்கு உயிர் போகிறது. அம்மாவின் சீனப் பழக்கம் புரியாத அமெரிக்க மகள் என்றால் அவள் ஏன் துடிக்கவேண்டும்? அம்மாவின் ஒவ்வொரு குறிப்பும் அவளுக்கு அத்துப்படி என்பதுதான் அவளுடைய அவஸ்தையே.

அப்படியானால் சிக்கல் எங்கே? நான் இப்படித்தான் பார்க்கிறேன். இந்த மகள்களுக்குச் சீனா என்கிற நாடே பெரும்பாலும் ஒரு பெண்ணின் வாய்வழியாகத்தான் வந்து சேர்ந்தது, அந்தப் பெண்ணோ பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடுகிறவள். அம்மா இப்படி நடந்துகொள்வது ஊர் வழக்கமா, இல்லை அம்மாவின் சுபாவமா, இல்லை ஏதோ ஒரு வருஷம் அவளுக்கு நடந்த ஒன்றின் தழும்பா என்று விசாரித்துக்கொள்ளப் பாட்டி இல்லை, சித்தி இல்லை, சொந்த ஊர் இல்லை. இன்னொரு சீன-அமெரிக்க எழுத்தாளர் மேக்சின் ஹாங் கிங்ஸ்டன் 1976-ல் எழுதிய ‘த வுமன் வாரியர்’ முதல் அத்தியாயத்திலேயே இந்தக் கேள்வியைப் போட்டு உடைத்துவிடுகிறார்: என்னிடம் இருப்பதில் எது சீனம், எது வறுமை, எது எங்கள் வீட்டுக் கிறுக்கு, எது என் அம்மா, எப்படிப் பிரிப்பது?

சுற்றி ஒரு குடும்பம் ஏன் இல்லாமல் போனது என்பதற்குச் சட்டம் ஒரு பெரிய காரணம், இலக்கிய வகுப்பில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அமெரிக்கா 1875-ல் பேஜ் சட்டம் கொண்டுவந்தது. ஒழுக்கக்கேட்டைத் தடுப்பதற்கு என்று பெயர், நடைமுறையில் சீனப் பெண்கள் யார் வந்தாலும் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்ப வசதியாக இருந்தது. 1882-ல் சீனத் தொழிலாளர்களையே தடுத்தார்கள். 1943-ல் அந்தத் தடையை நீக்கியபோது கூட வருஷத்துக்கு 105 பேர் என்றுதான் ஒதுக்கீடு. விளைவு, பல பத்தாண்டுகளுக்குச் அமெரிக்க நகரங்களில் சீனர்கள் குடியிருந்த சைனாடவுன் என்பது பெரும்பாலும் ஆண்களே கூட்டமாக வாழ்ந்த இடம், பெண்டாட்டி பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கம்.

கிங்ஸ்டன் புத்தகத்தின் முதல் கதையே இந்தப் பிரிவிலிருந்துதான் பிறக்கிறது. 1924-ல் ஊரில் அவசர அவசரமாகக் கல்யாணங்களை முடித்துவிட்டு ஆண்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறார்கள். சில வருஷம் கழித்து அப்பாவின் தங்கை ஒருத்தி கர்ப்பமாகிறாள். புருஷன் ஊரில் இல்லை, ஆகவே கணக்குப் போட எல்லாருக்கும் தெரியும். பிரசவ நாள் ராத்திரி ஊரே திரண்டு வந்து வீட்டைச் சூறையாடுகிறது, அவள் பன்றித் தொழுவத்தில் பிள்ளை பெறுகிறாள், விடிந்ததும் கைக்குழந்தையோடு குடும்பக் கிணற்றில் கிடக்கிறாள். இதை அம்மா மகளிடம் சொல்வது எப்போது தெரியுமா? மகள் வயதுக்கு வந்த சமயத்தில், யாரிடமும் சொல்லாதே என்ற எச்சரிக்கையோடு. அத்தைக்குப் பெயர் கிடையாது, குழந்தைக்குத் தகப்பன் யார் என்றும் கிடையாது. எச்சரிக்கைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விடுகிறாள். மிச்சத்தை மகளே கற்பனை செய்யவேண்டியிருக்கிறது. பலாத்காரமாக இருக்குமோ, காதலோ, கண்ணாடி முன்னால் நின்று முடியைச் சரிசெய்துகொண்ட பெண்ணோ என்று அவள் மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கிறாள், ஒன்றும் முடிவாகவில்லை. நான் படித்ததில் அம்மாவின் மௌனத்தை இவ்வளவு கோபமாகவும் இவ்வளவு பாசமாகவும் நோண்டிய பக்கங்கள் வேறு இல்லை.

அம்மாக்கள் வாயை மூடியதற்கு வெட்கம், மானம் மட்டும் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். 1906-ல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பமும் தீயும் பிறப்புப் பதிவேடுகளை அழித்தன. அதைப் பயன்படுத்திப் பலர், நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள் என்று பதிந்துகொண்டார்கள். அப்புறம் அந்தக் குடியுரிமையை வைத்து வேறொருவர் மகனைத் தன் மகன் என்று காகிதத்தில் காட்டி அழைத்துவந்தார்கள். ‘காகித மகன்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில், குடியேற வருகிறவர்களை நிறுத்தி விசாரித்த ஏஞ்சல் தீவில் வைத்து அதிகாரிகள் வீட்டுக்கு எத்தனை படி, அரிசிப் பானை எந்த மூலையில் என்றெல்லாம் குடைந்து குடைந்து கேட்பார்களாம், பொய்க் குடும்பத்தின் பொய் விவரங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தால்தான் தப்பிக்கலாம். இப்படி வந்த வீட்டில் பிள்ளையிடம் உண்மையைச் சொன்னால், அது பள்ளிக்கூடத்தில் போய் உளறினால், குடும்பமே நாடு கடத்தப்படலாம். ஃபே மியென் இங்கின் ‘போன்’ (1993) இந்தப் பயத்தை வைத்து எழுதிய நாவல். அதில் வீட்டு அப்பா லியான் ஒரு காகித மகன், பெட்டி நிறையக் காகிதம் சேர்த்து வைத்திருப்பவர். அம்மா தையல் கூடத்தில் துணி தைத்தே தேய்ந்தவள். ஏமி டான் அளவுக்கு இது பேசப்படவில்லை என்பது எனக்கு ஒரு குறை.

ஏமி டான் கதைக்கு வருகிறேன். அவருடைய அம்மா டெய்சி, 1949-ல் சீனாவை விட்டு வந்தபோது முந்தைய திருமணத்தில் பிறந்த மூன்று பெண்களை அங்கேயே விட்டு வந்தவர். இப்படி அக்காக்கள் இருப்பதே ஏமிக்குத் தெரியாது, அப்பாவும் அண்ணனும் அடுத்தடுத்து மூளைக் கட்டியில் இறந்த பிறகு பதின்வயதில்தான் தெரியவந்தது. 1987-ல் அம்மாவோடு சீனா போய் அவர்களைப் பார்த்தார், 1989-ல் ‘ஜாய் லக் கிளப்’ வந்தது. நாவலில் செத்துப்போன அம்மாவின் இடத்தில் மா ஜாங் என்ற சீன விளையாட்டு மேஜையில் உட்காருகிற ஜூன் என்ற மகளிடம், அம்மாவின் சிநேகிதிகள் சீனாவிலுள்ள அக்காக்களிடம் போய் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டு வா என்கிறார்கள். அவள், என்ன சொல்வது, எனக்கு அம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்கிறாள். அந்த மூன்று கிழவிகளும் அரண்டுபோகிறார்கள். செத்தவளுக்காக மட்டும் இல்லை, தங்கள் வீட்டுப் பெண்களும் நாளைக்கு இதையேதான் சொல்வார்கள் என்று அந்த நொடியில் தெரிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் மொத்த நாவலும் அந்த மேஜையில்தான் இருக்கிறது, கடைசியில் சீனா போய்க் கட்டிப்பிடித்து அழுகிற பகுதி கொஞ்சம் சினிமாத்தனம்.

இன்னொரு தரப்பும் உண்டு. ஃபிராங்க் சின் என்ற எழுத்தாளர் கிங்ஸ்டன், டான் இருவரையுமே, வெள்ளைக்கார வாசகருக்காகச் சீனக் கதைகளைத் திரித்தவர்கள் என்று கடுமையாகத் தாக்கினார். கிங்ஸ்டன் புத்தகத்தில், ஆண் வேடத்தில் போருக்குப் போன சீனப் பழங்கதைப் பெண் மூலானின் முதுகில் எழுத்துகளைச் செதுக்குகிறார்கள், மரபில் அது யுவே ஃபெய் என்ற ஆண் தளபதியின் கதை. தகவல் அளவில் சின் சொன்னது சரி. ஆனால் பெற்றோரின் சலவைக் கடைக்கு நடுவே அம்மா சொன்ன கதைகளை அரைகுறையாகக் கேட்டு வளர்ந்த பெண்ணிடம் இரண்டு கதையும் ஒட்டிக்கொண்டுதானே வரும்? சரிபார்க்க அவளுக்கு யார் இருந்தார்கள்?

படிக்கப் போகிறீர்கள் என்றால் கிங்ஸ்டனை முதலில் எடுங்கள், முதல் அத்தியாயம் மட்டும் தனியாகவே படிக்கலாம். அது பிடித்தால் டான், பிறகு ‘போன்’. 1993-ல் வந்த ‘ஜாய் லக் கிளப்’ படமும் நன்றாகவே இருக்கும், நாவலை முடித்துவிட்டுப் பாருங்கள்.