மறுமுனை பேசாவிட்டால்

இரவில் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் வசதி) ஓடும் ஆர்சிங்க் (ஃபைல்களை வேறு கணினிக்கு நகலெடுக்கும் புரோகிராம்), காலையில் பார்த்தால் அப்படியே நிற்கிறது. எர்ரரும் இல்லை. ஏன்?

சர்வர் ‘முடியாது’ என்றிருந்தால் எர்ரர் வந்திருக்கும். அது எதுவுமே சொல்லவில்லை, அதனால் ஆர்சிங்க்கும் காத்துக் கிடக்கிறது. அதன் டைம்அவுட் டீஃபால்ட் 0, அதாவது விடியும்வரைகூடக் காத்திருக்கும். 120 என்று வையுங்கள். 2 நிமிடம் எந்த டேட்டாவும் நகராவிட்டால் 30 என்ற எக்ஸிட் கோடுடன் (எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) வெளியே வந்துவிடும். எஸ்எஸ்எச் (மறைகுறியிட்ட பாதுகாப்பான இணைப்பு) வழியாகப் போகிறதென்றால் சர்வர்-அலைவ்-இன்டர்வலை, அதாவது ‘இருக்கிறாயா’ என்று சர்வரைக் கேட்கும் இடைவெளியை, 15 விநாடி ஆக்குங்கள். 3 முறை கேட்டும் பதில் இல்லையென்றால், சுமார் 45 விநாடியில் இணைப்பு அறுந்துவிடும். டிசிபி கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று சிஸ்டமே தட்டிப் பார்ப்பது) இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். சும்மா கிடக்கும் இணைப்பை லினக்ஸில் அது முதல்முறை தட்டிப் பார்ப்பதே 7200 விநாடி கழித்துத்தான்.

டைம்அவுட் கமாண்டில் (எந்த வேலையையும் குறித்த நேரத்தில் நிறுத்திவிடும் தனிக் கமாண்ட்) 1 மணி நேரம் வைத்தேன். பெரிய ஃபைல்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன.

மெதுவாக ஓடுபவனையும் மயங்கி விழுந்தவனையும் ஒரே கடிகாரத்தில் அளக்கிறீர்கள். கர்ல் (இணைய முகவரி வழியாக ஃபைல் எடுக்கவும் அனுப்பவும் உதவும் கமாண்ட்) என்றால் ஸ்பீட்-லிமிட் 1000 (விநாடிக்கு இத்தனை பைட்), ஸ்பீட்-டைம் 30 போதும். வேகம் 30 விநாடிக்கு அந்த அளவுக்குக் கீழேயே கிடந்தால்தான் நிறுத்தும்.

எஃப்டிபியில் (ஃபைல் அனுப்பும் பழைய முறை) ஃபைல் முழுதாகப் போய்ச் சேர்ந்தும் ஸ்கிரிப்ட் தொங்குகிறது.

எஃப்டிபிக்கு இரண்டு இணைப்புகள். டேட்டா ஒன்றில் போகும்போது, கட்டளை இணைப்பு சும்மா கிடக்கும். நெடுநேரம் பேச்சில்லாத இணைப்பை நடுவிலுள்ள ஃபயர்வால் மறந்துவிடலாம், இரு முனைக்கும் சொல்லாமலே. சர்வர் ‘226, முடிந்தது’ என்று அனுப்பும். அது உங்களுக்கு வராது. டைம்அவுட் ஆனதும் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பாமல், முதலில் அங்கே ஃபைல் சைஸைக் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் எஸ்எஃப்டிபிக்கு (எஸ்எஸ்எச் வழியாக ஃபைல் அனுப்பும் முறை) மாறிவிடுங்கள், அங்கே எல்லாம் ஒரே இணைப்பு.

தோற்றால் உடனே ரீட்ரை செய்யலாமா?

வேண்டாம். திணறும் சர்வரின் கதவை உடனுக்குடன் தட்டினால் இன்னும் திணறும். 10, 20, 40 விநாடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, கொஞ்சம் ராண்டமும் சேர்த்து, 5 முறையோடு நிறுத்தி உங்களுக்கு மெயில் வரச் செய்யுங்கள். பாஸ்வேர்ட் தப்பு என்றால் ஒருமுறைகூட வேண்டாம், கணக்கே பூட்டிக்கொள்ளும்.

அப்புறம், ஃப்ளாக் (flock), ஒரே வேலை ஒன்றின்மேல் ஒன்றாக ஓடாமல் பூட்டுப் போடும் கமாண்ட். ஒருமுறை 10 நிமிட கிரானில் அதைப் போடாமல் வாரக்கடைசி போய்விட்டேன். சர்வர் உறைந்திருக்கிறது, திங்கள் காலை பார்த்தால் ஒரே ஃபைலுக்காக நூற்றுக்கணக்கான பிராசஸ் வரிசையில். ஃப்ளாக்கில் ‘என்’ (-n) ஆப்ஷன் சேர்த்தால், முந்தையது ஓடும்போது புதியது பேசாமல் விலகிவிடும்.