ஒரு தடவை மாத்திரை போட்டால் மாதம் முழுக்கப் பாதுகாப்பா?

கேள்வி: போன மாதம் ஆணுறை கிழிந்ததால் மறுநாளே அவசர கருத்தடை மாத்திரை போட்டேன். பத்து நாள் கழித்து, மாத்திரை போட்டாச்சே என்று பாதுகாப்பில்லாமல் சேர்ந்தோம். அது நடந்து 16 நாள் ஆகிறது. இப்போது மாதவிலக்கு 8 நாள் தள்ளிப்போயிருக்கிறது. மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுத்துவிட்டதா?

பதில்: கெடுக்காது. அதனால் பின்னால் குழந்தை பிறப்பதும் தடைபடாது. நான் யோசிப்பது அந்தப் பத்தாம் நாளைப் பற்றித்தான்.

அவசர கருத்தடை மாத்திரை (லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி.) செய்யும் முக்கிய வேலை, கருமுட்டை வெளியாவதைச் சில நாள் தள்ளிப்போடுவது. முட்டை ஏற்கெனவே வெளியாகியிருந்தால் பெரிய பயன் இல்லை. தள்ளிப்போன முட்டை பிறகு வரத்தான் செய்யும். உங்களுக்கு அந்தப் பத்தாம் நாளையொட்டியே வந்திருக்கலாம். மாத்திரைக்குப் பிறகு மாதவிலக்கு சில நாள் முன்பின் ஆவது சகஜம், ஆனால் ஒரு வாரம் தாண்டினால் கர்ப்பமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். நாளைக் காலை முதல் சிறுநீரில் பாருங்கள். இல்லை என்று வந்தால், கடைசியாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆனதும் இன்னொரு தடவை.

கர்ப்பம் என்று வந்தால், இந்த மாத்திரையால் கருவுக்குப் பாதிப்பில்லை. வேண்டாம் என்று முடிவு செய்தால் மருத்துவரிடம் போங்கள். 18 வயதானவருக்குக் கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. கலைப்பு மாத்திரையை மட்டும் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அது முற்றிலும் வேறு மருந்து, கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், இனி தேவைப்பட்டால்: சேர்ந்ததிலிருந்து 72 மணி நேரம் என்பது கெடு, அதுவரை காத்திருக்கச் சொல்லும் அனுமதி அல்ல. முதல் நாளே போடுவது நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு கார்பமசெபின் அல்லது ஃபெனிடோயின் எடுப்பவர்களுக்கு இது சரியாக வேலை செய்யாது. அவர்களுக்கு ஐந்து நாளுக்குள் காப்பர் டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போடுவதே நல்லது. உண்மையில் யாருக்குமே மாத்திரையைவிட அதுதான் உறுதியானது, பல வருடம் கவலையும் இல்லை.

தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் இந்த மாத்திரையை வைப்பதில்லை, கேட்டால் தடை என்பார்கள். தடை எதுவும் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கேளுங்கள்.