விஸ்கிப் பீப்பாய் வாங்கலாமா? முதலில் கிடங்கைக் கேளுங்கள்

கேள்வி: என் கணவர் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார். மால்ட் விஸ்கி என்றால் அவருக்கு உயிர். ஒரு நிறுவனத்திலிருந்து போனில் பேசினார்கள். 2014-ல் நிரப்பிய, ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதி சிங்கிள் மால்ட், 250 லிட்டர் பீப்பாய், விலை 9,500 பவுண்ட். ஆண்டுக்கு 12 சதவீதம் விலை ஏறும், வேண்டுமானால் பீப்பாயையே வீட்டுக்குக் கொண்டுவந்து விருந்து வைக்கலாம் என்கிறார்கள். உரிமைச் சான்றிதழும் உண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டலாமா?
– ஒரு வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: வெள்ளிக்கிழமை கட்டாதீர்கள் சகோதரி. பன்னிரண்டு வருடம் மரத்துக்குள் கிடந்த சரக்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தால் கெட்டுவிடாது. அவசரம் விஸ்கிக்கு இல்லை, விற்பவருக்குத்தான்.

அவர்கள் சொன்னதில் ஒன்று அப்பட்டமான பொய். பீப்பாய் உங்கள் வீட்டுக்கு வரவே முடியாது. 2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி மரப் பீப்பாயோடு ஸ்காட்ச் ஸ்காட்லாந்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரே வடிசாலையில் மால்ட் பார்லியில் மட்டும் வடிக்கும் சிங்கிள் மால்ட்டுக்கு இன்னும் கடுமை. 2012 நவம்பர் 23-லிருந்து, பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டிய பிறகுதான் அது எல்லை தாண்டலாம். லண்டனும் எல்லைக்கு வெளியேதான். இந்த அடிப்படை விதி தெரியாதவர்களாக இருந்தாலும் சரி, தெரிந்தே சொன்னவர்களாக இருந்தாலும் சரி, அவர்களிடம் 9,500 பவுண்டை நம்பிக் கொடுக்க முடியாது.

அடுத்து அந்தச் சான்றிதழ். பொன்முத்திரை, கெட்டித் தாள், உங்கள் பெயர், பீப்பாய் எண் எல்லாம் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்கே சொன்னது போல இருக்கிறது. ஊரில் நிலம் வாங்கும்போது விற்பவர் காட்டும் காகிதத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்போமா? வில்லங்கம் பார்ப்போம், பட்டா யார் பெயரில் என்று கேட்போம். இங்கே பட்டா இருப்பது, பீப்பாயை வைத்திருக்கும் கிடங்குக்காரரின் கணக்கில். பீப்பாய் யாருடையது என்பதை அவருடைய பதிவு மட்டுமே சொல்லும். அந்தப் பதிவு உங்கள் பெயருக்கு மாற, இப்போதைய உரிமையாளர் கிடங்குக்கு ‘டெலிவரி ஆர்டர்’ என்ற கடிதம் எழுத வேண்டும். கிடங்கு அதை ஏற்று, மாற்றிவிட்டோம் என்று உங்களுக்கு நேரடியாக எழுத வேண்டும். அதுவரை உங்களுக்குச் சொந்தமானது ஒரு தாள்தான்.

நான் ஸ்பேசைடில் கிடங்கு வேலை பார்த்த காலத்தில் ஒரு தம்பதி தங்கள் பீப்பாயைப் பார்க்க வந்தார்கள். மண்தரைக் கிடங்கு, மூன்றடுக்காகப் பீப்பாய்கள். அந்த அம்மா கையில் சான்றிதழை வைத்துக்கொண்டு, பீப்பாய்த் தலைகளில் வெள்ளைச் சாயத்தில் எழுதிய எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். எண் இருந்தது. பீப்பாயும் இருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்த்தார். பேரேட்டைத் திறந்தால் அது வேறொருவர் பெயரில். பணம் வாங்கிய தரகருக்கு எங்கள் கிடங்கில் கணக்கே கிடையாது. அந்த அம்மா பீப்பாய் மேலிருந்து கையை எடுத்த விதம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இது எங்கோ ஒன்று நடந்த கதை அல்ல. ஒரே பீப்பாயைப் பல பேருக்கு விற்ற மோசடிகளை 2025-ல் பிபிசி வெளிக்கொண்டு வந்தது. அப்போது லண்டன் சிட்டி போலீஸ் விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஆத்திரமே இங்கேதான். 2003-ல் டியாஜியோ என்ற பெரிய மதுபான நிறுவனம், கார்டூ (Cardhu) என்ற சிங்கிள் மால்ட்டை ‘ப்யூர் மால்ட்’ என்று பெயர் மாற்றி, மற்ற மால்ட்களும் சேர்த்துக் கிட்டத்தட்ட அதே பாட்டிலில் விற்றது. தொழிலே கொதித்தது, அடுத்த ஆண்டே அதைத் திரும்ப எடுத்தார்கள். 2009 விதிகளில் ‘ப்யூர் மால்ட்’ என்ற சொல்லுக்கே தடை வந்தது. குடிப்பவரைக் காக்க இத்தனை கண்டிப்பு. பீப்பாயில் ஆயுள் சேமிப்பைப் போடுபவரைக் காக்க? பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் (FCA) பீப்பாய் முதலீட்டைக் கண்காணிப்பதே இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு வெப்சைட் திறந்து உட்காரலாம். கேட்டால் ஒரு துறை இன்னொரு துறையைக் கை காட்டுகிறது. 1898-ல் லீத் நகரத்து விஸ்கி வியாபாரிகளான பாட்டிசன் சகோதரர்கள் திவாலானபோது, மலிவான தானிய விஸ்கியில் கொஞ்சம் மால்ட் கலந்து உயர்ந்த கிளென்லிவெட் மால்ட் என்று விற்றது வெளியே வந்தது. இருவரும் 1901-ல் சிறை போனார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பீப்பாய் வாங்குபவர் தன் தலையைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, பீப்பாய் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைப் பாருங்கள். வழக்கமாக 63.5 சதவீத ஆல்கஹால் பலத்தில் நிரப்புவார்கள். 250 லிட்டரில் சுத்த ஆல்கஹால் சுமார் 159 லிட்டர். ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் காற்றோடு போகும். இன்று ஏறக்குறைய 125 லிட்டர் மிஞ்சலாம். பாட்டிலில் அடைத்து வெளியே எடுக்கும் நாளில் கலால் வரி கட்ட வேண்டும். 2023 ஆகஸ்டில் அது சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 31.64 பவுண்ட், பிறகும் ஏறியிருக்கிறது. ஆக வரியே நாலாயிரம் பவுண்டுக்குக் குறையாது. அதன் மேல் 20 சதவீத வாட், பாட்டில், தக்கை, லேபிள், கிடங்கு வாடகை. போனில் பேசியவர் இதில் ஒன்றையாவது சொன்னாரா? பலம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது ஸ்காட்ச் என்ற பெயரையே இழந்துவிடும். ஆகவே உள்ளே எவ்வளவு மிச்சம், பலம் எவ்வளவு என்று அண்மையில் அளந்த ‘ரீகேஜ்’ அறிக்கையைக் கேளுங்கள். நிரப்பிய நாளின் அளவைக் காட்டினால் ஏற்க வேண்டாம்.

மாதிரியும் கேளுங்கள். கிடங்கிலிருந்து நேராக வர வேண்டும், தரகர் கை படக் கூடாது. வந்ததும் வாய் குறுகிய கிளாசில் ஒரு பங்கு விஸ்கிக்கு இரண்டு பங்கு தண்ணீர் விடுங்கள். உங்கள் கணவர் பதறுவார், பதறட்டும். கலவை நிபுணர்கள் சுமார் 20 சதவீதத்துக்கு இறக்கித்தான் முகர்வார்கள். ஆல்கஹாலின் காரம் விலகினால்தான் குறை தெரியும். வெனிலா, தேங்காய், உலர்திராட்சை வாசனை வந்தால் மரம் வேலை செய்திருக்கிறது. பன்னிரண்டு வயதிலும் கஞ்சி வாசனையும் பச்சை மாவு வாசனையும் வந்தால், பலமுறை பயன்படுத்திச் சத்துப் போன பீப்பாய். அதை இன்னும் பத்து வருடம் வைத்தாலும் பெரிதாக மாறாது.

ஒரு விஷயத்தில் மட்டும் விற்பவரைச் சந்தேகப்பட வேண்டாம். உங்களுக்கு வரும் காகிதத்தில் வார்ட்ஹெட், பர்ன்சைட் போல எந்த வடிசாலைக்கும் இல்லாத பெயர் இருக்கலாம். இது ‘டீஸ்பூன்’ சரக்கு. வடிசாலை தன் பெயரில் வேறு யாரும் சிங்கிள் மால்ட் விற்கக் கூடாது என்பதற்காக, பக்கத்து வடிசாலை மால்ட்டில் ஒரு கரண்டியை ஊற்றிவிடும். வார்ட்ஹெட் என்றால் கிளென்ஃபிடிக்கில் கொஞ்சம் பால்வெனி. பர்ன்சைட் அதற்கு நேர் மாறு. குடித்தால் வித்தியாசம் தெரியாது, சரக்கு முதல் தரம். ஆனால் சட்டப்படி அது பல வடிசாலை மால்ட்கள் கலந்த பிளெண்டட் மால்ட் ஆகிவிட்டது; சிங்கிள் மால்ட் என்று லேபிள் ஒட்ட முடியாது. ஆகவே அந்தப் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். அதையே ‘சிங்கிள் மால்ட்’ என்று சொல்லி அந்த விலை கேட்டால் மட்டும் போனை வைத்துவிடுங்கள். கரண்டி படாத அசல் சிங்கிள் மால்ட்டாகவே இருந்தாலும், வடிசாலைப் பெயரை லேபிளில் போடும் உரிமை பீப்பாயோடு தானாக வராது. அதை எழுத்தில் வாங்க வேண்டும்.

மறுபடி அழைத்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். எந்தக் கிடங்கு? பீப்பாய் எண் என்ன? பதில் கிடைத்தால், கிடங்கின் தொலைபேசி எண்ணை அவர்களிடம் வாங்காமல் நீங்களே தேடிப் பேசுங்கள். உரிமையாளர் விவரத்தை முன்பின் தெரியாதவருக்குக் கிடங்கு சொல்லாது. ஆகவே உங்களுக்குச் சொல்லலாம் என்று உரிமையாளரே கிடங்குக்கு எழுதித் தரும்படி கேளுங்கள். அதற்கு மறுத்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்புறம், உங்கள் கணவருக்கு வேண்டியது நல்ல மால்ட் என்றால் 60, 70 பவுண்டுக்கே அருமையான பாட்டில்கள் கிடைக்கின்றன. ஓய்வு பெறும் நாளுக்கு இரண்டு வாங்கி வையுங்கள். கண்ணாடி பாட்டிலுக்குள் போனபின் விஸ்கிக்கு வயது ஏறாது. அதனால் ஒன்றை அன்றைக்கே திறந்துவிடலாம்.