முன்னால் போகிற விமானம் எங்கே?

கேள்வி: என் மகள் கலிஃபோர்னியாவில் விமானிப் பயிற்சியில் இருக்கிறாள். போன வாரம் போனில், "இன்றைக்கு மூன்று தடவை இறங்காமல் திரும்ப மேலே ஏறினேன் அப்பா, முன்னால் இறங்கினவர் ரன்வேயை விட்டு நகரவே இல்லை" என்றாள். இரண்டு சின்ன விமானங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்? எனக்குப் பயமாக இருக்கிறது. (ஒரு தந்தை, கோவை)

பதில்: மூன்று தடவை மேலே ஏறினாளா? நல்ல பிள்ளை ஐயா. அதே கலிஃபோர்னியாவில் 14 வருஷம் செஸ்னா என்கிற சின்ன விமானத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவன் நான். இப்படி இறங்காமல் திரும்ப மேலே ஏறுவதுதான் 'கோ-அரவுண்ட்', அதற்குத் தயங்குகிற மாணவர்களால்தான் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

விமான நிலையத்தைச் சுற்றி ஒரு நீள்சதுரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் பேட்டர்ன். உயரம் தரையிலிருந்து சுமார் 1000 அடி. ரன்வேக்கு இணையாக, இறங்கப் போகும் திசைக்கு எதிர்த்திசையில் பறப்பது டவுன்விண்ட். இடது பக்கம் திரும்பினால் பேஸ். இன்னொரு இடது, ரன்வே நேர் எதிரே வந்துவிடும், அது ஃபைனல்.

விமானங்களுக்கு அனுமதி கொடுக்கும் கட்டுப்பாட்டு டவர் உள்ள இடத்தில் ஒரு கணக்கு உண்டு. ஒற்றை இன்ஜின் சிறு விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து இறங்கினால், பகல் நேரத்தில் முன்னது ரன்வேயின் தொடக்கத்திலிருந்து 3000 அடி, அதாவது சுமார் 900 மீட்டர், தள்ளிப் போயிருந்தால் போதும். அது ரன்வேயில் இருக்கும்போதே பின்னது இறங்க அனுமதிக்கலாம். டவர் இல்லாத நிலையங்களில் முன்னவர் ரன்வேயை விட்டு வெளியேறும்வரை காத்திருப்போம். வெளியேறும் வழியைத் தவறவிட்டு அடுத்த டாக்ஸிவே (ரன்வேயை விட்டு விலகும் பாதை) வரை ஆடி அசைந்து போகிறவர்கள் தினம் ஒருவராவது உண்டு.

ஆனால் ஆகாயத்தில் இடைவெளியை வேகம்தான் தின்கிறது. முன்னால் ஒரு செஸ்னா 152 ஃபைனலில் 60 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிறது என்று வையுங்கள். பின்னால் உங்கள் மகள் இன்னும் 90 நாட் வேகத்தில் வருகிறாள். வித்தியாசம் மணிக்கு 55 கிலோமீட்டர். ஒன்றரை கிலோமீட்டர் இடைவெளி ஒன்றரை நிமிடத்தில் காணாமல் போகும். ஆகாயத்தில் பிரேக்கும் கிடையாது. அதனால் இடைவெளியை டவுன்விண்டிலேயே உண்டாக்க வேண்டும். ஃபைனலுக்கு வந்து தேடினால் கிடைக்காது.

நான் சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஃபைனலில் எதிர்த்திசையில் போகிற முன் விமானம் உன் இடது இறக்கை நுனியைத் தாண்டிப் பின்னால் போகட்டும், அப்புறம் பேஸுக்குத் திரும்பு. கண்ணில் படவில்லையா, திரும்பாதே. பவரைக் குறைத்து, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃப்ளாப்பை ஒரு படி இறக்கி, சீக்கிரமே மெதுவாகு. டவுன்விண்டை நீட்டிக்கொண்டே போவது எனக்குப் பிடிக்காது. முதல் ஆள் கொஞ்சம் நீட்டுவார், அடுத்தவர் அவருக்காக இன்னும் நீட்டுவார். ஐந்தாவது ஆள் பக்கத்து ஊருக்கே போய்விடுவார். அங்கே இன்ஜின் நின்றால் ரன்வேக்குச் சறுக்கி வந்து சேர முடியாது.

ஒரு நாள் நானே மாணவனாக இருந்தபோது, காற்று தள்ளுகிறதே என்ற பதற்றத்தில் சீக்கிரம் பேஸுக்குத் திரும்பிவிட்டேன். செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேல் இருப்பது. இடது பக்கம் சாய்ந்தால் நாம் திரும்புகிற திசையையே மறைத்துவிடும். நிமிர்ந்தபோது எதிரே ஒரு பைப்பர் விமானத்தின் வால், அதில் எழுதியிருந்த எண்ணைப் படிக்கிற தூரத்தில். பக்கத்தில் இருந்த ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை, இன்ஜின் பவரைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினார். அன்றிலிருந்து திரும்புவதற்கு முன் அந்த இறக்கையை ஒரு தடவை தூக்கிப் பார்க்காமல் நான் திரும்பியதில்லை.

இடித்துக்கொள்ளுமா என்ற உங்கள் பயத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 2022 ஆகஸ்டில் அதே மாநிலத்தில், டவர் இல்லாத வாட்சன்வில் நிலையத்தில், பேட்டர்னில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு செஸ்னா 152-உம் நேரே ஃபைனலுக்கு வந்த இரட்டை இன்ஜின் செஸ்னா 340-உம் மோதி மூன்று பேர் இறந்தார்கள். பெரியது சுமார் 180 நாட் வேகத்தில் வந்தது. சின்ன விமானத்தின் விமானி, நீங்கள் மிக வேகமாக வருகிறீர்கள், நான் கோ-அரவுண்ட் போகிறேன் என்று ரேடியோவில் சொல்லியும் நேரம் போதவில்லை. இறங்க வருகிறவர்களில் கீழே இருப்பவருக்கே முன்னுரிமை என்று அமெரிக்க விதி சொல்கிறது. அதைச் சாக்காக வைத்து இன்னொருவர் முன்னால் புகக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. இரண்டாவது பாதி நிறையப் பேருக்கு மறந்துவிடும்.

அடுத்த தடவை மகள் பேசும்போது எத்தனை கோ-அரவுண்ட் என்று கேட்காதீர்கள். "முன்னால் போனவரை எந்த இடத்தில் பார்த்தாய்?" என்று கேளுங்கள்.

கேள்வி: எல்லோரும் ஏன் இடது பக்கமே திரும்புகிறார்கள்? (ஒரு மாணவி, திருச்சி)

பதில்: விமானத்தை ஓட்டுகிறவர் வழக்கமாக இடது சீட்டில் உட்காருவார். இடது பக்கம் சுற்றினால் ரன்வே அவர் ஜன்னலிலேயே தெரியும். மலையோ ஊரோ குறுக்கே இருந்தால் வலது பேட்டர்னும் உண்டு. அன்று அவர் பக்கத்து சீட்டைத் தாண்டிக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.