அமெரிக்கத் தொழில்மயமாதல்: விடையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். ‘தொழில்மயமாதல் அமெரிக்கச் சமூகத்தையும் பொருளாதாரத்தையும் அரசியலையும் எவ்வாறு மாற்றியது?’ என்ற கேள்விக்கு கைடில் மூன்று தலைப்புகளில் நாற்பது பாயிண்ட் கொடுத்திருக்கிறார்கள். மனதில் நிற்கவில்லை. எதை விடலாம்?

பதில்: நாற்பதையும் விடலாம். மூன்று தலைப்பாகப் பிரித்தது கைடு போட்டவரின் வசதிக்காக. நீங்கள் ரயில்வேயை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மூன்றும் அதிலேயே வந்துவிடும்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது சுமார் 35,000 மைல் தண்டவாளம் இருந்தது. 1900இல் 1.9 லட்சம் மைலைத் தாண்டிவிட்டது. ஓர் ஊரில் செய்த சரக்கை நாடு முழுக்க விற்க முடிந்ததால் பெரிய ஆலை கட்டுவது லாபமானது. தண்டவாளத்துக்கு எஃகு வார்த்தே கார்னகி வளர்ந்தார். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில், மொத்தமாகச் சரக்கு அனுப்புவதைக் காட்டி ரயில் கம்பெனிகளிடம் ரகசியத் தள்ளுபடி வாங்கிப் போட்டியாளர்களைச் சாய்த்தது. 1880 வாக்கில் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அதன் கையில்.

அங்கே தள்ளுபடி கொடுத்த அதே ரயில்வே, சிறு விவசாயியிடம் கூடுதல் கட்டணம் கறந்தது. விவசாயிகள் கிரேஞ்ச் என்ற அமைப்பில் திரண்டு, மாநிலங்களில் கட்டணக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவரச் செய்தார்கள். மாநில எல்லை தாண்டும் போக்குவரத்தில் மாநிலங்கள் தலையிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம் (1886). மறு வருடமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மாநிலங்களிடை வணிக ஆணையத்தை அமைத்தது. அரசியல் மாற்றம் என்று எழுத வேண்டியது இதைத்தான்.

தொழிலாளர் பக்கம் 1877 போதும். கூலிக் குறைப்பை எதிர்த்து மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் தொடங்கிய ரயில் வேலைநிறுத்தம் பல மாநிலங்களுக்குப் பரவ, ஜனாதிபதி ஹேய்ஸ் ராணுவத்தை அனுப்பினார். ஹோம்ஸ்டெட், ஹேமார்க்கெட் போன்ற மற்ற தொழிலாளர் போராட்டங்களை எல்லாம் பெயர் சொன்னால் போதும். தெற்கு மாநிலங்களைத் தொடாதீர்கள், நேரம் போதாது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. தேர்வு நெருங்கினால் ஜெராக்ஸ் கடையிலும் டெலிகிராமிலும் ‘நிச்சயம் வரும் கேள்விகள்’ என்று ஒரு கட்டு விற்பார்கள். காசு கொடுத்து வாங்காதீர்கள். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே பொய் இருக்கும்: ‘1890 ஷெர்மன் சட்டம் ஏகபோகத்தை ஒழித்தது.’ ஒழிக்கவில்லை. 1895இல் சர்க்கரை டிரஸ்ட் (சர்க்கரை ஆலைகளின் ஏகபோகக் கூட்டு) வழக்கில், உற்பத்தி வேறு வணிகம் வேறு, சட்டம் வணிகத்துக்கு மட்டுமே என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியைத் தப்பவிட்டது. அதற்கு முந்தைய வருடம் புல்மன் என்ற ரயில் பெட்டிக் கம்பெனியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தின்போது, சிகாகோ ஃபெடரல் நீதிமன்றம் இதே சட்டத்தைக் காட்டித்தான் தொழிற்சங்கம் அதைத் தொடரத் தடை விதித்தது. தலைவர் டெப்ஸ் சிறைக்குப் போனார். முதலாளியைப் பிடிக்கப் போட்ட சட்டம் தொழிலாளியைப் பிடித்தது. ஸ்டாண்டர்டு ஆயில் 34 கம்பெனிகளாக உடைக்கப்பட்டது 1911இல்தான். 1914இல் கிளேட்டன் சட்டம் தொழிற்சங்கங்களுக்கு இதிலிருந்து விலக்குக் கொடுத்தது, அதையும் 1921இல் நீதிமன்றம் சுருக்கிவிட்டது. இந்தப் பத்தியை மட்டும் தவறில்லாமல் எழுதுங்கள். மற்ற விடைத்தாள்களிலிருந்து உங்களுடையது தனியாகத் தெரியும்.

பக்கம் எண்ணி மார்க் போடுபவர் கையில் சிக்கினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்படிச் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். குடியேற்றக் காலத்திலிருந்து பனிப்போர் வரை ஒரே தாளில் திணிக்கும் பாடத்திட்டத்துக்கு அப்படித்தான் திருத்தவும் முடியும் போல. அவர்களுக்காக ஓரிரு துணைத்தலைப்பு போட்டுவிடுங்கள், தப்பில்லை.

கடைசிப் பத்தியில் 1913இன் இரண்டு அரசியலமைப்புத் திருத்தங்களைச் சேருங்கள்: ஒன்று வருமான வரிக்கு வழிவிட்டது, மற்றது செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கச் செய்தது. அப்புறம் 1920 மக்கள்தொகைக் கணக்கு. நகரங்களில் வாழ்பவர்கள் பாதிக்கு மேல் ஆனது அதில்தான் முதல்முறை. அத்தோடு நிறுத்திக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.