கேசினோவுக்குள் துப்பாக்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கலிஃபோர்னியாவில் கிரீன் கார்டில் இருக்கிறேன். முறைப்படி வாங்கிய கைத்துப்பாக்கி ஒன்று உண்டு. அடுத்த மாதம் லாஸ் வேகஸ் போகிறோம். நெவாடாவில் வெளியே தெரியும்படி வைத்திருந்தால் பெர்மிட்டே வேண்டாமாமே? அப்படியே கேசினோவுக்குள் போகலாமா? (வாசகர், சான் ஹோசே)

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது தெருவுக்குப் பொருந்தும். சட்டத் தடை இல்லாத ஒருவர் நெவாடாவில் துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ள பெர்மிட் தேவையில்லை. சட்டைக்குள் மறைத்து வைக்கத்தான் பெர்மிட் வேண்டும். கவுண்டி ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) தரும் அந்த பெர்மிட் 5 ஆண்டுகள் செல்லும். வெளிமாநில பெர்மிட்டுகளில் சிலவற்றை மட்டுமே நெவாடா ஏற்கிறது. பெர்மிட் இருந்தாலும் பள்ளி, பல்கலைக்கழக வளாகம், குழந்தைகள் காப்பகம், மெட்டல் டிடெக்டரோ தடைப் பலகையோ உள்ள அரசுக் கட்டடம் போன்ற இடங்களுக்குள் கொண்டுபோக முடியாது. அந்தப் பட்டியலில் கேசினோ இல்லை. 2021இல் கேசினோ வளாகங்களில் துப்பாக்கியைக் கட்டுப்படுத்த ஒரு மசோதா வந்தது. மாநில செனட்டைத் தாண்டியது, மற்றொரு அவையான அசெம்பிளியில் நின்றுபோனது.

பட்டியலில் இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேசினோ தனியார் இடம். யாரை, எதோடு உள்ளே விடுவது என்பதை உரிமையாளர் தீர்மானிக்கலாம். வேகஸின் பெரிய கேசினோக்களில் பொதுவான விதி, துப்பாக்கி கூடாது என்பதே. மேசை ஒவ்வொன்றின் மேலும் கேமரா இருக்கிறது. சிப்ஸ் (பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் வில்லைகள்) எடுக்கக் குனியும்போது சட்டை மேலேறிப் பிடி தெரிந்தால் போதும், இரண்டு நிமிடத்தில் செக்யூரிட்டி பக்கத்தில் வந்து நிற்பார்கள். வெளியே போகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் கை துப்பாக்கி பக்கமே போகக் கூடாது. 'எடுத்துக் காட்டுகிறேன்' என்று தொட்டால் விபரீதம். இரு கைகளும் தெரிய, சரி என்று சொல்லிவிட்டு வெளியேறுங்கள். பெரும்பாலும் அதோடு முடியும். 'சட்டம் என் பக்கம்' என்று வாதாடி அங்கேயே நின்றால் அத்துமீறல் குற்றம்: 6 மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம்.

இன்னொன்று, கேசினோவில் விளையாடுபவர்களுக்கு மது இலவசமாக வந்துகொண்டே இருக்கும். போதையில் துப்பாக்கி வைத்திருப்பது நெவாடாவில் தனிக் குற்றம்.

கேள்வி: அப்படியானால் ஹோட்டல் அறையின் லாக்கரிலோ காரிலோ வைத்துவிடலாமா? (அதே வாசகர்)

பதில்: கேசினோவும் ஹோட்டலும் ஒரே வளாகம் என்றால் அறைக்கும் பெரும்பாலும் அதே தடைதான். 2017 அக்டோபர் 1 அன்று வேகஸின் மாண்டலே பே ஹோட்டலின் 32ஆவது மாடியிலிருந்து ஒருவன் கீழே இசை விழாவில் கூடியிருந்தவர்களைச் சுட்டான். 60 பேர் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பல நாட்களாகப் பெட்டிகளில் வைத்து அறைக்குக் கொண்டுபோயிருந்தான். அதன் பிறகு, 'தொந்தரவு செய்யாதீர்' அட்டை தொங்கினாலும் நாளுக்கொரு முறை ஊழியர் அறையைப் பார்ப்பது பல ஹோட்டல்களில் வழக்கமாகிவிட்டது. அறை புக் செய்யும் முன் செக்யூரிட்டி பிரிவுக்கு ஃபோன் செய்து, அவர்களே வாங்கிப் பூட்டி வைப்பார்களா என்று கேளுங்கள். சில இடங்களில் வைப்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள்.

கார் கடைசி வழி. வாலே (காரை வாங்கி நிறுத்தித் தரும்) ஊழியரிடம் சாவியைக் கொடுத்தால் துப்பாக்கியையும் கொடுத்த மாதிரி. நீங்களே நிறுத்துங்கள், இருக்கையின் இரும்புச் சட்டத்தில் கம்பிவடத்தால் பிணைத்த சிறு பெட்டகத்தில் வையுங்கள். பார்க்கிங்கில் உட்கார்ந்து தோட்டாவைக் கழற்றாதீர்கள். தவறிச் சுட்டுக்கொள்வதும், திருடன் கண்ணில் படுவதும் அங்கேதான். கலிஃபோர்னியாவில் ஓட்டும் வரைக்கும் தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். டாஷ்போர்டு அறையைப் பூட்டினால் அது கணக்கில் வராது. இவ்வளவையும் யோசித்தால், குடும்பத்தோடு போகும் பயணத்தில் அதை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போவதே மேல்.

கேள்வி: பென்சில்வேனியா பெர்மிட் இருக்கிறது. அட்லாண்டிக் சிட்டி ஒரு மணி நேரப் பயணம்தான். டிக்கியில் வைத்துக்கொண்டு போனால் தப்பா? (வாசகர், ஃபிலடெல்ஃபியா)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அட்லாண்டிக் சிட்டி இருக்கும் நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் உங்கள் பெர்மிட் வெறும் அட்டை. பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அங்கே இரண்டாம் நிலைக் குற்றம்: 5 முதல் 10 ஆண்டு, அதில் குறைந்தது 42 மாதம் பரோலே கிடையாது. நுனி குழிந்த 'ஹாலோ பாயின்ட்' தோட்டாக்களுக்கும், 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகஸினுக்கும் தனித்தனித் தடைகள்.

1986ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். தோட்டா இல்லாமல், கைக்கெட்டாமல் பூட்டி, ஒரு மாநிலத்தின் வழியாகக் கடந்து போகிறவர்களுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். அட்லாண்டிக் சிட்டியே உங்கள் முடிவிடம் என்றால் அது உதவாது.

நியூ ஜெர்சி பெர்மிட் உள்ளவருக்கும், 2022 டிசம்பரில் வந்த சட்டம் கேசினோவையும் அதைச் சேர்ந்த ஹோட்டல், உணவகம், கடைகளையும் தடை இடங்களாக எழுதியது. அந்தச் சட்டத்தின் மேல் வழக்குகள் நடந்துவருவதால், போகும் வாரத்து நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கும் அதே 2022இல் கேசினோக்களைச் சேர்த்துவிட்டது. இல்லினாயில் கேசினோவின் பார்க்கிங்கும் தடைக்குள் வரும். பெர்மிட் உள்ளவர் காருக்குள் பூட்டி, கண்ணில் படாமல் வைக்க மட்டும் விலக்கு உண்டு.

கிரீன் கார்டில் இருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாட்டைவிட்டு வெளியேற்ற அதுவே காரணமாகலாம். எத்தனை வருடம் அங்கே வாழ்ந்தீர்கள் என்பது அந்த ஆபத்தை நீக்காது.

கேள்வி: ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். அப்பா, அம்மா பி-2 சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார்கள். வேகஸில் காசு கட்டித் துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போகலாமா? (வாசகி, டாலஸ்)

பதில்: வேடிக்கை பார்க்கலாம். சுட வேண்டும் என்றால் முன்னேற்பாடு வேண்டும். தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது; வாடகைத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். தண்டனை 15 ஆண்டு வரை. விலக்குகளில் எளியது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். கவுன்ட்டரில் கேட்கவில்லை என்பதால் சட்டம் இல்லாமல் போய்விடாது. ஆளுக்கொரு லைசென்ஸ் வேண்டும். உங்களுடையதை அப்பாவுக்குக் காட்ட முடியாது.

கேள்வி: பழங்குடியினர் நடத்தும் கேசினோவில் எந்தச் சட்டம்? (வாசகர், சாக்ரமென்டோ)

பதில்: முதலில் அந்தப் பழங்குடி அரசின் சட்டம். மாநில பெர்மிட்டை அவர்கள் ஏற்றாக வேண்டும் என்றில்லை. பழங்குடியினர் அல்லாதவரை அவர்களுடைய நீதிமன்றம் பொதுவாகக் குற்றவியல் வழக்கில் விசாரிக்க முடியாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவர்கள் எல்லைக்குள் போகும் பொதுச் சாலையில் அவர்களுடைய போலீஸ் உங்களை நிறுத்தி, சோதித்து, வெளிப் போலீஸ் வரும்வரை பிடித்து வைக்கலாம் என்று 2021இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் நிலம் கேசினோ வாசலில் தொடங்குவதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து திரும்பும் இடத்திலேயே தொடங்கிவிடலாம். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே ஃபோன் செய்து கேளுங்கள்.