அமெரிக்கக் கவுண்டி ஜெயிலில் இருக்கும் தம்பிமேல் ‘ஐஸ் ஹோல்ட்’ போட்டிருக்கிறார்கள். பெயில் கட்டினால் விட்டுவிடுவார்களா? 48 மணி நேரம் என்பது எதிலிருந்து?

டெக்சஸ் ஜெயில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு, விசா காலம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ‘ஐஸ்’ என்பது மத்திய அரசின் குடிவரவு அமலாக்கத் துறை. தான் வந்து அழைத்துப் போகும்வரை அவரைப் பிடித்துவைக்கும்படி அது ஜெயிலைக் கேட்பதுதான் ‘ஹோல்ட்’. எனவே பெயில் கட்டினாலும் தம்பி பெரும்பாலும் வீட்டுக்கு வரமாட்டார். நீங்கள் கேட்கும் 48 மணி நேரம் ஓடத் தொடங்குவதே, பெயில் கட்டியோ வழக்கு முடிந்தோ அவர் வெளியே வந்திருக்க வேண்டிய நேரத்திலிருந்துதான். அதனால் குடிவரவு லாயரைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கைதானவரின் கைரேகையை ஜெயிலில் எடுத்ததும் அது எஃப்.பி.ஐ.க்குப் போகிறது, அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தரவுத்தளத்துக்கும் தானாகப் போய்விடுகிறது. எந்த ஊர் ஷெரிஃபும் (கவுண்டியின் காவல், ஜெயில் தலைவர்) இதைத் தடுக்க முடியாது. ஐஸோடு ஒத்துழைக்க மறுத்து ‘சரணாலய நகரம்’ என்று பெயர் எடுத்த ஊர்களிலும் இப்படித்தான். விவரம் பொருந்தினால் ஐஸ் அதிகாரி ஐ-247ஏ என்ற படிவத்தை ஜெயிலுக்கு அனுப்புவார். ஹோல்ட், டிடெய்னர் என்று சொல்வதெல்லாம் இந்தப் படிவத்தைத்தான்.

அதன் நகலை முதலில் வாங்குங்கள். கைதியிடம் நகல் கொடுத்தால்தான் டிடெய்னர் செல்லும் என்று படிவமே சொல்கிறது. அதில் நான்கு கட்டங்களைப் பாருங்கள்: ஏற்கெனவே நாடுகடத்தல் உத்தரவு இருக்கிறது, நாடுகடத்தல் வழக்கு நடக்கிறது, கைரேகைப் பொருத்தத்தில் தெரிந்தது, அவரே சொன்ன வாக்குமூலம் அல்லது வேறு நம்பகமான சான்று. எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் லாயரின் அடுத்த வேலை. முதல் கட்டம் என்றால் பழைய உத்தரவைத் திறக்க வேண்டியிருக்கும். கூடவே ஐ-200 அல்லது ஐ-205 என்ற வாரண்ட் இருக்கும். 2017 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். ஆனால் அதில் கையெழுத்திடுவது குடிவரவு அதிகாரி, நீதிபதி அல்ல. பெரிய சட்டச் சண்டைகள் பாதி இந்தக் கையெழுத்தைச் சுற்றித்தான்.

படிவத்தில் யாரும் கவனிக்காத இன்னொரு வரி உண்டு: பெயில், பரோல், ஜெயிலுக்குள் வேலை போன்ற முடிவுகளை இந்த டிடெய்னர் பாதிக்கக் கூடாது. ‘ஹோல்ட் இருக்கிறது, பெயில் வாங்கமாட்டோம்’ என்று கவுண்டரில் சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள். ஓரிகனில் கிளாக்கமஸ் கவுண்டி 500 டாலர் கட்டி வெளியே வந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணை டிடெய்னரைக் காரணம் காட்டி இரண்டு வாரம் உள்ளேயே வைத்திருந்தது. அது அரசியல் சட்ட மீறல், கவுண்டியே பொறுப்பு என்று 2014ல் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போது கணக்கு. வெள்ளி மாலை பெயில் கட்டுகிறீர்கள், காகித வேலை முடிந்து இரவு 9 மணிக்கு அவர் வெளியே வந்திருக்க வேண்டும். கடிகாரம் அப்போது தொடங்குகிறது. படிவத்தின்படி ஞாயிறு இரவு 9 மணிக்கு முடிகிறது. ஃபெடரல் விதி சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதன்படி செவ்வாய் இரவு 9 மணி. திங்கள் விடுமுறை என்றால் புதன். ஜெயில் எந்தக் கணக்கைப் பிடிக்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். நேரம் தாண்டியும் ஐஸ் வரவில்லையென்றால் அவரைப் பிடித்துவைக்க அந்தத் தாளுக்கு அதிகாரம் இல்லை. கவுண்டி வழக்கறிஞருக்கு லாயர் ஒரு கடிதம் அனுப்பினாலே பல இடங்களில் கதவு திறந்துவிடும். திறக்காவிட்டால் ஹேபியஸ் கார்பஸ், அதாவது ஆட்கொணர்வு மனு.

மாநிலத்துக்கு மாநிலம் விஷயம் தலைகீழ். மாநில அதிகாரிகளை மத்திய அரசு வேலை வாங்க முடியாது என்று 1997ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிடெய்னர் வெறும் வேண்டுகோள்தான், கட்டளை அல்ல என்று மூன்றாம் சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014ல் சொன்னது. கலிஃபோர்னியாவில் 2018 முதல் டிடெய்னருக்காக ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகப் பிடித்துவைக்கக் கூடாது. மாசசூசெட்ஸில் மாநில அதிகாரிகளுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2017ல் தீர்ப்பானது. டெக்சஸ் நேர் எதிர். 2017ல் வந்த எஸ்.பி. 4 சட்டப்படி ஷெரிஃப் டிடெய்னரை மதித்தே ஆக வேண்டும். மறுத்தால் முதல் முறை 1,000 முதல் 1,500 டாலர் வரை அபராதம், அடுத்தடுத்து 25,000க்கு மேல், பதவியும் போகலாம். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: குடியுரிமையோ முறையான குடிவரவு நிலையோ இருப்பதற்கு டெக்சஸ் டிரைவிங் லைசென்ஸ் போன்ற சான்றைக் காட்டினால் டிடெய்னரை நிறைவேற்ற வேண்டியதில்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் லாயரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

பெயிலில் மாட்டிக்கொள்பவர்கள் மாட்டுவது இப்படி. அவசரமாகப் பணம் கட்டுகிறார்கள், ஐஸ் வந்து அழைத்துப் போகிறது, குற்றவியல் வழக்கின் வாய்தாவுக்கு அவரால் வர முடியவில்லை. நீதிமன்றம் பிடிவாரண்ட் போடுகிறது, பெயில் தொகையும் பறிபோகலாம். நமக்காகப் பெயில் பொறுப்பேற்கும் பெயில் பாண்ட் கம்பெனிக்குக் கொடுத்த கமிஷன் எப்படியும் திரும்பாது. முடியாத வழக்கு குடிவரவு நீதிபதி முன்னாலும் அவருக்கு எதிராக நிற்கும். சில நேரம் கவுண்டியிலேயே இருந்து வழக்கை முடித்துக்கொண்டு நகர்வது மேல். ஆனால் எந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்பது நாடுகடத்தலைத் தீர்மானிக்கும். அதனால் இரண்டு லாயர்களும் பேசிக்கொண்டே ஆக வேண்டும். குடிவரவு விளைவைச் சொல்வது குற்றவியல் லாயரின் கடமை என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசு கொடுத்த லாயருக்கும் இது பொருந்தும், தயங்காமல் கேளுங்கள்.

உள்ளே இருப்பவர் எங்கே பிறந்தார், எப்படி நாட்டுக்குள் வந்தார் என்ற கேள்விகளுக்கு லாயர் இல்லாமல் பதில் சொல்லக் கூடாது. நான்காவது கட்டம் நிரம்புவது அப்படித்தான். தாமாக வெளியேறுவதாகச் சொல்லும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி அவரே கேட்கலாம். ஆனால் புகலிடம் கோரும் இலங்கைத் தமிழர்கள் லாயரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

ஐஸ் கைக்குப் போனபின் குடிவரவு நீதிபதியிடம் பாண்ட் (குடிவரவுக் காவலிலிருந்து வெளிவரக் கட்டும் பிணைத்தொகை) கேட்கலாம். குறைந்தபட்சம் 1,500 டாலர். விசாவில் முறையாக நுழைந்தவர் என்பது உங்கள் தம்பிக்குச் சாதகம். எல்லையில் அனுமதியின்றி நுழைந்தவர்களுக்குப் பாண்ட் கொடுக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2025 செப்டம்பரில் முடிவெடுத்தது, அதை எதிர்த்து நாடெங்கும் வழக்குகள் வந்தன. ஆனால் குடித்து ஓட்டியதைக் கனமான பாதக அம்சமாகப் பார்க்க வேண்டும் என்று அதே வாரியம் 2018ல் சொல்லியிருக்கிறது. எனவே நிலையான முகவரி, வேலைக் கடிதம், மதுப்பழக்க வகுப்பில் சேர்ந்த சான்று எல்லாம் இப்போதே திரட்டுங்கள். ‘ஏ’ என்று தொடங்கும் அவருடைய குடிவரவு எண்ணையும் இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் ஐஸின் இணையத் தேடலில் அந்த எண்ணும் பிறந்த நாடும் போட்டுத் தேடுவதுதான் சுலபம். பெயரை வைத்தும் தேடலாம், ஆனால் நம் பெயர்களை முன்பின்னாகப் பதிந்துவைத்திருப்பார்கள். கிடைக்காவிட்டால் அப்பா பெயரை முதலில் போட்டும், இனிஷியலை விட்டும் தேடிப்பாருங்கள்.